வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த கடிதம்

கொரோனா அடங்கி, கோயில்களில் மறுபடியும் கூட்டம் சேர ஆரம்பித்த வருடம் அது. ஈப்போவுக்குத் தெற்கே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தின் ஓரத்தில் எட்டு வீடுகள் இருக்கின்றன. அதில் மூன்றாவது வீடு என்னுடையது. தோட்டத்தை விற்றபோது, கடைசி வரை அங்கே வேலை செய்த எட்டுக் குடும்பங்களுக்கு ஆளுக்கொரு மனை கிடைத்தது. தனித்தனி கிராண்டு, அதாவது நிலப் பட்டா. அந்தக் காகிதம் கைக்கு வந்த அன்று என் மனைவி அதைச் சாமி மேடையில் வைத்துச் சூடம் காட்டினாள். பிறந்ததிலிருந்து கம்பெனி வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் சொந்த மண் என்றால் என்னவென்று தெரியும்.

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன். பிறகு பட்டணத்துப் பள்ளியில் ஒரு வருடம். அதோடு சரி. மனைவி கடைசி வரை தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினாள்; நான் மார்பிள் அறுக்கும் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்ததில் மலாய் சரளமாகப் பேச வரும். எழுத்துக்கூட்டிப் படிப்பேன், எழுதுவேன். படித்த பிள்ளைகள் எல்லாம் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று போய்விட்டதால் எங்கள் எட்டு வீட்டில் அதுவே பெரிய படிப்பு. யாருக்கு லெட்டர் வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். கோயிலுக்கும் நான்தான் செயலாளர். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. அதை மறைத்து எழுதினால் இந்த அனுபவத்தை எழுதுவதில் பிரயோஜனம் இல்லை.

கடைசி வீட்டில் ஓர் அக்கா இருந்தார். உறவு இல்லை, பழக்கத்தில் அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கணவர் இறந்து பல வருடம் ஆகிறது. ஒரே மகள் கல்யாணமாகிக் கிள்ளானில் இருந்தாள். எட்டு மனையில் அக்காவின் மனைதான் தாழ்வானது. அதன் பின்பக்கம் முழுக்கக் கறிவேப்பிலை மரம் வைத்திருந்தார். விடியற்காலையில் ஒடித்துக் கட்டுக் கட்டி ஈப்போ மார்க்கெட்டுக்கு அனுப்புவார். அதுதான் அவருடைய ஜீவனம். படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவார், அதுவும் ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி நிறுத்தி.

ஒரு நாள் காலை அக்கா ஒரு பிளாஸ்டிக் பையோடு என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, என்னமோ ரெஜிஸ்டர் லெட்டர் லா. போஸ்ட்மேன் கையெழுத்து வாங்கிட்டுக் குடுத்தான். போலீஸ் கேஸா இருக்குமோ?"

"போலீஸ்காரன் உங்களப் புடிச்சு என்னக்கா பண்ணுவான்? கறிவேப்பில ஒடிக்க வைப்பானா?" என்றேன். சிரித்தார்.

எனக்கும் அதே லெட்டர் முதல் நாள் வந்திருந்தது. எட்டு வீட்டுக்கும் வந்திருந்தது. வீட்டு வரி வாங்குகிற எங்கள் வட்டார மன்றத்திலிருந்து. இரண்டு பக்கம் நெருக்கமான மலாய், ஒரு வரைபடம், கடைசியில் பூர்த்தி செய்ய ஒரு பாரம். அந்தப் பாரத்தின் தலைப்பைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பந்துவான். உதவி. அந்த வருடம் எங்கே பார்த்தாலும் அந்தச் சொல்தான். அரிசிக்குப் பந்துவான், பிள்ளைகள் படிப்புக்குப் பந்துவான், வேலை போனவர்களுக்குப் பந்துவான். வரைபடத்தில் எங்கள் எட்டு வீடும் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது. சாமான் இறக்க வருகிற லோரிக்கு வழி தெரிவதற்காகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடி போட்டுத்தான் படித்தேன். கண்ணாடிமேல் பழி போட முடியாது.

"பந்துவான் பாரம்தான் அக்கா. பயப்பட ஒண்ணுமில்ல" என்றேன்.

அக்கா முகம் கொஞ்சம் மலர்ந்தது. "என்ன பந்துவான் தம்பி? அரிசியா, காசா?"

"எதுவா இருந்தா நமக்கென்னக்கா? சொந்த வீடு இருக்கு. நேரத்துக்குச் சாப்பாடு இருக்கு. முருகன் குடுத்தது போதாதா? நம்மளவிடக் கஷ்டப்படுறவங்க எத்தன பேர் இருக்காங்க. வேணாம்னு எழுதிக் குடுத்தா அவங்களுக்காவது போய்ச் சேரும்."

இப்போது எழுதும்போதுகூட அந்தப் பேச்சு காதில் விழுகிறது. கோயில் மேடையில் பேசுகிற மாதிரி பேசினேன். அக்கா கையிலிருந்த பிளாஸ்டிக் பையைத் திருகிக்கொண்டே நின்றார். ஏதோ சொல்ல வருவது போல் இருந்தது. பிறகு, "நீங்க சொன்னாச் சரிதான் லா" என்றார்.

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "முழுசாப் படிச்சீங்களா? ரெண்டு பக்கம் எழுதியிருக்கான்" என்றாள்.

"எல்லாம் படிச்சாச்சு."

"ஆமா, உங்களுக்குத் தெரியாத மலாயா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இரண்டு பாரத்திலும் நானே எழுதினேன். என் மலாயில் எழுத்துப் பிழை வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் தலைப்பிலிருந்த அந்தச் சொல்லைப் பார்த்துப் பார்த்து, ஓர் எழுத்து பிசகாமல் எழுதினேன். எங்களுக்கு அது வேண்டாம், எங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்களுக்குக் கொடுங்கள், கடவுள் எங்களுக்குக் கொடுத்தது போதும் என்று எழுதினேன். அக்கா தன் பாரத்தில் மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். நானே மோட்டார் சைக்கிளில் போய் மன்றத்தின் முகப்பில் கொடுத்து, முத்திரை குத்தியதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். திரும்பும் வழியில் கோயிலில் இறங்கித் திருநீறு பூசிக்கொண்டேன். ஏதோ தர்மம் செய்துவிட்ட நிறைவு.

மற்ற வீட்டுக்காரர்களிடமும் இதையேதான் சொன்னேன். அவர்கள் பதில் எழுதக்கூட மெனக்கெடவில்லை. லெட்டரை எங்கேயோ சொருகி வைத்துவிட்டார்கள்.

சில மாதம் கழித்து எங்கள் வீடுகளுக்குப் பின்னால் இருந்த பழைய ரப்பர் காட்டை மழித்தார்கள். தகரத் தடுப்பு வந்தது. மாடி வீடுகளும் கடைகளும் படம் போட்ட பெரிய பலகை வந்தது. பிறகு செம்மண் லோரிகள். நாள் முழுக்க வந்தன. கொட்டிக் கொட்டி மேடாக்கினார்கள். அக்காவின் வேலியைவிட உயரமாக மண் வந்து நின்றது. தோட்டத்துக் காலத்திலிருந்து தண்ணீர் போய்க்கொண்டிருந்த பழைய லோங்காங் என்னும் வடிகாலும் அந்த மண்ணுக்கடியில் போய்விட்டது.

முதல் பெரிய மழையில் அக்கா வீட்டுச் சமையலறைக்குள் தண்ணீர் வந்தது. செம்மண் தண்ணீர், டீ மாதிரி. அடுத்த மழையில் கூடத்துக்கு வந்தது. நானும் என் மனைவியும் போய் வாளியால் இறைத்தோம். வீட்டையாவது கழுவிவிடலாம். பின்பக்கம் தேங்கிய தண்ணீர் வாரக்கணக்கில் வடியவில்லை. கறிவேப்பிலை மரத்துக்கு வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது. இலை மஞ்சளாகி, கை பட்டாலே உதிர ஆரம்பித்தது.

"விடக்கூடாதுக்கா. நம்ம மண்ணு, நம்ம கிராண்டு. நான் பார்த்துக்கிறேன்" என்றேன்.

அன்று ஆரம்பித்தது அலைச்சல். மன்றத்துக்குப் போனால் நில அலுவலகத்தில் கேளுங்கள் என்றார்கள். நில அலுவலகத்தில், இது வடிகால் சம்பந்தப்பட்டது என்றார்கள். வடிகால் பார்க்கிற இடத்தில், தனியார் நிலத்துக்குள் நாங்கள் கை வைக்க முடியாது, கட்டுகிறவரைக் கேளுங்கள் என்றார்கள். கட்டுகிற இடத்தில் கண்டெய்னருக்குள் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தவர், மன்றம் பாஸ் செய்த பிளான்படிதான் செய்கிறோம், மன்றத்தைக் கேளுங்கள் என்றார். நம்பர் எடுத்து உட்காருவோம். நம்பர் வரும்போது அந்த மேசைக்காரர் சாப்பிடப் போயிருப்பார். படம் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்பார்கள். கொண்டு போனால் வேறு ஆள் இருப்பார். யாரும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். எல்லோரும் சிரித்த முகமாகத்தான் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

எங்கே போனாலும் அக்கா இரண்டு மூன்று கட்டுக் கறிவேப்பிலை கொண்டுவருவார். மேசையில் இருக்கிறவருக்கு ஒரு கட்டு.

"அக்கா, லஞ்சம்னு நெனச்சுக்கப் போறாங்க."

"கறிவேப்பிலைக்கு யாரு தம்பி கையெழுத்துப் போடுவா? வீட்டுக்குப் போற புள்ளைங்க, கறிக்குப் போட்டுக்கட்டும்."

மலாய்ப் பெண்கள் வாங்கி முகர்ந்து பார்த்துச் சிரிப்பார்கள். மூன்று கட்டு இரண்டானது, இரண்டு ஒன்றானது. ஒரு வருடம் போல அலைந்திருப்போம். கடைசித் தடவை மன்றத்துக்குப் போனபோது அக்கா வெறுங்கையோடு வந்தார். "ஒடிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்குத்தான் மாடியில் எங்கள் ஃபைலைக் கையில் வைத்திருந்த அதிகாரியைப் பார்க்க முடிந்தது. தமிழ்ப் பையன். என் மகன் வயதிருக்கும். ஒருவர்தான் உள்ளே வரலாம் என்றார்கள். அக்காவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் போனேன்.

நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்து மனைக்காரர்களை ஒரு வார்த்தை கேட்காமல் இப்படி மண்ணைக் கொட்டலாமா என்று கேட்டேன். குரலைக் கொஞ்சம் உயர்த்தித்தான் கேட்டேன். அவர் ஃபைலைப் புரட்டி, ஓரிடத்தில் நின்று, என்னையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அங்கிள், கேட்டிருக்காங்க. எட்டு வீட்டுக்கும் லெட்டர் போயிருக்கு. மூணு வாரம் டைம் குடுத்திருக்காங்க. ரெண்டு வீடுதான் பதில் போட்டிருக்கு. இது உங்க கையெழுத்தா?"

ஃபைலை என் பக்கம் திருப்பினார். என் எழுத்துதான். பக்கத்திலேயே இன்னொன்று, அதன் கீழே அக்காவின் நிறுத்தி நிறுத்திப் போட்ட கையெழுத்து.

"அது பந்துவான் பாரம் தம்பி. இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன்.

அவர் ஒரு துண்டுக் காகிதம் எடுத்து, இரண்டு சொல்லை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். மேலே பந்துவான். கீழே பந்தாஹான். நடுவில் ஒன்றிரண்டு எழுத்துதான் வித்தியாசம்.

"மேல இருக்கிறது உதவி. கீழ இருக்கிறதுன்னா ஆட்சேபம், அங்கிள். பின்னால கட்டப் போறாங்க, உங்களுக்கு ஆட்சேபம் இருந்தா எழுதுங்கன்னு கேட்டிருக்காங்க. நீங்க..." என்று சொல்லி நிறுத்தினார். அவருக்கே அதைப் படிக்கச் சங்கடமாக இருந்தது. "எங்களுக்கு ஆட்சேபம் வேணாம், கஷ்டப்படுறவங்களுக்குக் குடுங்கன்னு எழுதியிருக்கீங்க."

அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஆட்சேபம் சொல்லியிருந்தால் விசாரணைக்குக் கூப்பிட்டிருப்பார்கள் என்றும், தண்ணீர் எங்கே போகும் என்று நாங்கள் கேட்டிருந்தால் முதலில் லோங்காங் கட்டு என்று நிபந்தனை போட்டிருக்கலாம் என்றும் மெதுவாகச் சொன்னார். பக்கத்து மனைக்காரர்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று குறித்துத்தான் பிளான் பாஸாகியிருக்கிறது. "நான் மேல எழுதிப் பார்க்கிறேன் அங்கிள். ஆனா இந்தக் காகிதம் உள்ள இருக்கே" என்றார்.

வெளியே வந்தேன். அக்கா பெஞ்சில், காலிப் பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொன்னாரு தம்பி?"

"மீட்டிங்ல இருக்காருக்கா. இன்னொரு நாள் வரச் சொன்னாங்க."

அறுபது வயதுக்கு மேல், நெற்றியில் திருநீறோடு, அந்தப் பொய்யைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு எனக்குச் சாமி மேடை முன்னால் நிற்க முடியவில்லை. விளக்கை மனைவி ஏற்றட்டும் என்று விட்டுவிட்டேன். கோயிலில் கணக்குப் புத்தகத்தை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அக்கா வருவது தெரிந்தால் பின்பக்கம் போய்விடுவேன். இரண்டு வெள்ளிக்கிழமை இப்படிப் போனது. மூன்றாவது வெள்ளிக்கிழமை மனைவி கையில் தீப்பெட்டியோடு வந்து எதிரே நின்றாள். "சாமிகிட்ட கோபமா, என்கிட்ட கோபமா?"

எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். முழுசாப் படிச்சீங்களா என்று அன்று கேட்டதை அவள் நினைவுபடுத்தக்கூட இல்லை. "முதல்ல போய் அக்காகிட்ட சொல்லிட்டு வாங்க. அப்புறம் விளக்கு ஏத்தலாம்" என்று தீப்பெட்டியை மேடையில் வைத்துவிட்டாள்.

அக்கா வீட்டில் தரையெல்லாம் செம்மண் கறை. கட்டிலின் கால்களுக்கடியில் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார். என்னை உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். சொல்லைத் தப்பாகப் படித்ததைச் சொன்னேன். ஃபைலில் இருந்ததைச் சொன்னேன். மீட்டிங் என்றது பொய் என்பதையும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன்.

அக்கா பின்கதவு வழியாகக் காய்ந்துபோன மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிக்கிறது தப்பாப் போறது யாருக்கும் வரும் தம்பி. எனக்கு அதுகூடத் தெரியாதே" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஆனா ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்காதீங்க. அன்னைக்கு வீட்ல அரிசி இல்ல. மகளுக்கு வேல போயிருந்துச்சு, காசு அனுப்பல. கோயில் பூட்டியிருந்தப்ப விழுந்த மார்க்கெட்டும் இன்னும் எழும்பல. நீங்க பந்துவான்னு சொன்னதும் எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் நீங்க, நமக்கு எதுக்குக்கா, கஷ்டப்படுறவங்களுக்குப் போகட்டும்னு சொன்னீங்க. அதுக்கு மேல, நாந்தான் தம்பி அந்தக் கஷ்டப்படுறவன்னு எப்படிச் சொல்றது?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னார்.

அதுவரை என் தப்பு ஒரு சொல்லில் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். சொல்லைச் சரியாகப் படித்திருந்தாலும் தப்புத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அது உண்மையிலேயே உதவிப் பாரமாக இருந்திருந்தால் என்ன? பசியோடு நின்ற ஒருவர் கையிலிருந்ததை, கடவுள் பெயரைச் சொல்லி, நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருப்பேன். ஐந்து வீடு தள்ளி இருக்கிறவர் வீட்டில் உலை வைக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. முருகன் எனக்குக் கொடுத்தது போதும் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவருக்குக் கொடுத்தது போதும் என்று சொல்ல நான் யார்?

மன்றத்து அந்தப் பையன் சொன்ன வாக்குப்படி மேலே எழுதினார். பார்க்க வந்தார்கள், அளந்தார்கள், படம் எடுத்தார்கள். ஒரு பதிலும் இன்னும் வரவில்லை. அதற்குள் அக்காவுக்குக் காலில் தண்ணீர்ப் புண் வந்து, மகள் வந்து கிள்ளானுக்கு அழைத்துப் போகிறேன் என்று நின்றாள். பன்னிரண்டாவது மாடியில் வீடாம்.

கிளம்புவதற்கு முதல் நாள் அக்கா மறுபடியும் ஒரு பிளாஸ்டிக் பையோடு என் வீட்டுக்கு வந்தார். உள்ளே ஒரு பாரம். வீட்டு வரி பில்லைக் கிள்ளான் முகவரிக்கு அனுப்பச் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாரம்.

"இதையும் நீங்களே எழுதுங்க."

"வேணாம்கா. மக இருக்கா, படிச்ச புள்ள. அவ எழுதட்டும்."

"எங்க லெட்டரெல்லாம் எப்பவும் நீங்கதானே எழுதுவீங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்தேன். சந்தேகம் வந்த சொல்லை மகளிடம் காட்டிக் கேட்டேன். எல்லாம் எழுதி முடித்த பிறகு, இத்தனை வருடத்தில் யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டேன். "வேற என்ன எழுதணும்கா? உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க."

அக்கா யோசித்தார். "நான் இந்த வீட்ட விக்கல, திரும்பி வருவேன்னு எழுதுங்க."

அந்தப் பாரத்தில் அதற்கு இடம் இல்லை. ஓரத்தில், கோட்டுக்கு வெளியே, சின்ன எழுத்தில் எழுதினேன். எழுதியதைப் படித்துக் காட்டினேன். பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டார்.

கடைசி வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. கிராண்டு அக்கா பெயரில் இருக்கிறது, மண்ணில் தண்ணீர் இருக்கிறது. இப்போதும் யாராவது லெட்டரைக் கொண்டுவந்தால் நான் கண்ணாடியைத் தேடுவதற்கு முன்னால், உங்களுக்கு என்ன வேணும் என்றுதான் முதலில் கேட்கிறேன்; கேட்கும் ஒவ்வொரு தடவையும், அதைக் கேட்காமல் விட்ட அந்த ஒரு காலையில் பிளாஸ்டிக் பையைத் திருகிக்கொண்டு நின்ற அந்தக் கைகள்தான் எனக்குத் தெரிகின்றன.